பெட்டிக்குள் போன ஜெர்சி

பிளோவ்டிவ், சனிக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை க்ரூமுக்கு, மாமனார் வெலிச்கோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம். ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் என் மகள் ஸோர்னிட்ஸாவும் புது வீட்டில் நலமாக இருக்க வேண்டும். என் கடிதத்தில் விஷயம் இல்லாவிட்டாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய பட்டம்.

முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை, ஆட்டக்காரர்களின் படமும் ஜெர்சியும் விற்கும் நம் சந்தைக் கடையில் இருந்தபோது, நம் கோல்கீப்பர் லாம்பி இறந்துவிட்டார் என்று பக்கத்துக் கடை ரேடியோ சொன்னது. துக்கத்தில் என் வலது கை தொப்பியைக் கழற்றியது, அது சரி. இடது கை, விலையை ஏற்றுவதற்காக, அவர் படம் போட்ட கழுத்துத் துண்டின் பழைய விலைச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை வாங்கப் பணத்தோடு நின்ற அம்மாள் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "எந்தக் கைங்க அழுவுது?" என்று கேட்டாள். இதற்குள் எதிர்க்கடை மெதோடி கறுப்புத் துணி கட்டி, 'லாம்பியின் கடைசிக் கையெழுத்து' என்று பலகையே மாட்டிவிட்டான். அவனிடம் கடைசிக் கையெழுத்துகள் பதினேழு இருந்தன. உங்கள் செய்தியும் வந்தது. அனுதாபம் ஒரு வரி இல்லை. "மாமா, கல்யாணத்தப்ப எனக்குத் தர்றதாச் சொன்ன லாம்பி ஜெர்சி பத்திரம். கண்ணை விட்டு நகத்தாதீங்க. ஹால்ல ஆணி அடிச்சாச்சு." மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? அன்றே அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன், தூங்கும்போதும் கழற்றவில்லை.

மறுநாள் கிளப்காரர்கள், படமும் அடக்க நேரமும் போட்ட மரண அறிவிப்புகளை வழக்கம்போல் மரத்திலும் கம்பத்திலும் ஒட்டினார்கள். லாம்பி படம் போட்ட காகிதம் எதுவும் இப்போது காசு; மத்தியானத்துக்குள் ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை. மெதோடி கெட்டில் ஆவி காட்டி ஓரம் கிழியாமல் உரித்தான்; நான் பழைய ஆள், எச்சில் தொட்டே நான்கு உரித்தேன். "செத்தவருக்கு ஒட்டினதைத் திருடுறியேண்ணே" என்றான், பன்னிரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பலன் என்னவென்றால், வியாழக்கிழமை தேவாலயத்துக்கு ஊரே திரண்டு வந்திருக்க வேண்டியது, வந்தது பாதிரியார், லாம்பியின் மனைவி நெவேனா, வியாபாரிகள் ஆறு பேர். அடக்கம் எத்தனை மணிக்கு என்று எங்களுக்கு மட்டும்தானே தெரியும். நாற்பதாயிரம் பேர் கைதட்டிய மனிதரின் பெட்டியை, அவரை விற்றுப் பிழைத்த நாங்களே தூக்கினோம்.

பெட்டியை மூடுமுன் நெவேனா அம்மாள் எங்களிடம் வந்து, "கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தே தீத்துட்டாரு. வீட்ல ஒரு ஜெர்சி இல்ல. உங்ககிட்ட அவரோடது இருந்தா ஒண்ணு தாங்க, கூட வச்சு அனுப்பறேன்" என்றாள். ஆறு பேருக்கும் ஒரே நிமிஷத்தில் சரக்குத் தீர்ந்துபோனது. மெதோடி சுவரிலிருந்த புனிதர்களை எண்ண ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து என் கோட்டுக்குள்ளிருந்து சிவப்புக் காலர் எட்டிப் பார்த்தது. "அது அவரோடதா?" என்றாள். ஆமாம் என்றேன். பல் கிட்டும் குளிரில், சாமி முன்னால் பனியனோடு நின்று கழற்றிக் கொடுத்தேன். "கிறுக்காண்ணே உனக்கு? அதை வித்தா ஒரு காரே வாங்கலாம்" என்று மெதோடி காதில் முனகினான்.

ஆகவே மாப்பிள்ளை, ஜெர்சி வராது. ஆணியில் காலண்டர் மாட்டவும். ஸோர்னிட்ஸாவிடம், அவள் அப்பன் ஆயுசில் ஒரு நல்ல காரியம் செய்தான் என்று சொல்லவும். உங்கள் மேஜையில் ரொட்டியும் உப்பும் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெலிச்கோ

பி.கு.: ரொம்ப வருத்தப்பட வேண்டாம். அந்த ஜெர்சி நான் டஜன் கணக்கில் வாங்கியதில் ஒன்று. நெவேனா அம்மாள் அதை விரித்து, 'அன்புடன், லாம்பி' என்ற எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. இந்த மனுஷனுக்கு இவ்வளவு அழகா எழுத வரும்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள். மெதோடி என்னைப் பார்த்தான். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். "அது என் எழுத்தும்மா" என்று மட்டும் நான் சொல்லவில்லை.