வெளுத்துப்போன படத்தில் என் மகள்

கவலைப்படுகிற அம்மாமார், ஆபத்து எந்த வாசல் வழியாக வரும் என்று யோசித்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போவார்கள். அடைக்கிற ஆளே ஒரு வாசல் என்பது மட்டும் அவர்களுக்குக் கடைசிவரை தோன்றாது. எனக்கு அது போன மார்கழியில், ஒரு விடியற்காலை, எங்கள் ஊர்ப் பெரியகுளத்தின் கரையில் வைத்துத் தோன்றியது. அதன்பிறகு கேமராவைத் தொடவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. தொடுகிறேன். ஆனால் ஒரு கையால் கேமராவைப் பிடித்தால் இன்னொரு கையால் யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேமரா, மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி கொண்டுவந்து தந்தது. வெகுநாள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுக்க வைத்தவள் ஜெயந்தி. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், இப்போது கனடாவில் இருக்கிறாள். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் நாள் தவறாமல் பனி மூடிய மரம், பனி மூடிய கார், பனி மூடிய கணவர் என்று படம் போடுவாள். ஒருநாள் குரல் பதிவே அனுப்பினாள்.

"ஏட்டி செல்வி, உங்க ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு உண்டா? ஃபேன மூணுல வச்சா வெயில்காலம், ரெண்டுல வச்சா குளிர்காலம், அப்படித்தானே?"

(இவள் பிறந்தது எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கனடா போனபிறகு அது 'உங்க ஊர்' ஆகிவிட்டது.)

நாஞ்சில் நாட்டுக்கும் குளிர்காலம் உண்டு என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மார்கழி விடியலில் எங்கள் குளத்தையும் வயல்களையும் பனிமூட்டம் மூடிக்கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரே நிற்கிற மலை இருக்காது. குளம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பது இருக்காது. எல்லாம் வெள்ளை.

கண்ணுக்குத்தான் வெள்ளை. என் கேமராவுக்கு அது அரிசி களைந்த தண்ணீர். எத்தனை முறை எடுத்தாலும் படம் அழுக்குச் சாம்பலாகவே வந்தது. பிறகு காணொளிகளைப் பார்த்துக் காரணம் தெரிந்துகொண்டேன். கேமராவுக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளையை மட்டும் காட்டினால், 'இவ்வளவு வெளிச்சம் இருக்காதே' என்று சந்தேகப்பட்டு இருட்டாக்கிவிடும். (நான் வேலைபார்க்கும் கூட்டுறவு வங்கியில் எனக்கு மேலே இருப்பவரும் இதே ரகம். நல்ல செய்தி எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை.) ஆகவே பனியை எடுக்கும்போது ஒரு சின்னச் சக்கரத்தை பிளஸ் பக்கம் திருப்பி, 'இல்லை, நிஜமாகவே வெள்ளைதான்' என்று அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கூடிப்போனால் வெள்ளை, வெறும் வெள்ளையாகிவிடும். அதற்குள் என்ன இருந்தாலும் அழிந்துபோகும்.

இந்தக் கடைசி வரியை நான் கேட்டேன். மனதில் வாங்கவில்லை.

பரந்த காட்சியில் புள்ளி அளவுக்கு ஒரு மனிதர் நின்றால்தான் படத்துக்கு உயிர் வரும் என்றும் காணொளியில் சொன்னார்கள். வீட்டில் அப்போது கையில் அகப்பட்ட ஒரே மனிதர் என் மகள் ரம்யா. நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியும் படித்து முடித்து, தை மாதம் ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்ப இருந்தாள். விசா வந்த நாளிலிருந்தே எனக்கு உறக்கம் சரியில்லை. அவள் போய்விடுவாள், அங்கே அவளுக்கு ஒன்றென்றால் நான் இங்கே இருப்பேன். என் கவலை மொத்தமும் அவ்வளவுதான். ஆகவே போகிறவரைக்குமாவது அவளைக் காப்பாற்றி அனுப்ப வேண்டும் என்று தீவிரமாக இருந்தேன். ஒரு தும்மல்கூட விடக்கூடாது.

அன்று காலை அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போகும் முன் நான் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகள் இவை. நெஞ்சில் சளி கட்டாமலிருக்க மூன்று தம்ளர் சுக்குக் காப்பி குடிக்க வைத்தேன். உடம்பில் பனி படாமலிருக்க என் வெள்ளைச் சால்வையைப் போர்த்தினேன். காதில் பனி இறங்காமலிருக்க அவள் அப்பாவின் வெள்ளைத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன்.

"யம்மா, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தவ எறங்கி ஓடிவந்த மாதிரி இருக்கு."

"பனி காது வழியாத்தான் எறங்கும் மக்ளே. அடுத்த மாசம் பிளேன் ஏறணும். இருமிக்கிட்டுப் போனா எறக்கி விட்டுருவான்."

"நான் நர்சும்மா."

"நர்சுக்குக் காது இல்லியா?"

குளத்தங்கரைக்குப் போனதும் அவள் போனை வாங்கி என் சுவெட்டர் பையில் போட்டுக்கொண்டேன், தண்ணீரில் விழுந்துவிடுமே என்று. படித்துறை வந்ததும் அவளுடைய ரோஸ் நிறச் செருப்பைப் பார்த்தேன். அந்த நிறம் படத்தைக் கெடுக்கும். "அத இங்கன களட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல நட" என்றேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, செருப்பைப் படித்துறையில் ஜோடியாக வைத்துவிட்டு நடந்தாள்.

கரைக்கு இடதுபக்கம் குளம். வலதுபக்கம் சரிவு இறங்கி வயல், வயலுக்கு அந்தப்பக்கம் வாழைத்தோட்டம். அவள் கரையோடு நேராக நடந்து தூரத்தில் போய் நின்றாள். நான் கேமராவின் சின்னத் திரைக்குள் தலையை விட்டேன்.

முதல் படம் வழக்கம்போல அழுக்குத் தண்ணீர். சக்கரத்தை பிளஸ் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். பரவாயில்லை. இன்னும் திருப்பினேன். பிரமாதம். தூரத்திலிருந்து ரம்யா ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். மறுபடி ஏதோ கேட்டாள். "ம்ம், சரி சரி" என்றேன். விரல் விறைத்துப்போய்ச் சக்கரம் தவறான பக்கம் ஓடிவிட்டது. அப்படியே பொத்தானையும் அமுக்கிவிட்டேன். கிரகணம் பிடித்தமாதிரி ஒரு கருத்த படம் விழுந்தது. சீ என்று, திரும்பவும் பிளஸ் பக்கம் முழுசாகத் திருப்பி வரிசையாக எடுத்துத் தள்ளினேன்.

அடடா, என்ன வெள்ளை! ஜெயந்தியின் கனடா அதற்குப் பக்கத்தில் பழைய வேட்டி. பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. படத்தில் ஆள் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கரை இருந்தது, பனி இருந்தது. ரம்யா இல்லை.

"மக்ளே!"

பதில் இல்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். (இரண்டு சுற்றுத் துண்டு. கட்டியது நான்.) அவள் போனுக்கு அடித்தேன். என் இடுப்பிலேயே மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் பதறித் திரும்பியபோதுதான் படித்துறை கண்ணில் பட்டது. தண்ணீருக்கு இரண்டு படி மேலே, ஜோடியாக, ரோஸ் நிறச் செருப்பு.

அதைக் கழற்றச் சொன்னது நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவே இல்லை. குளத்தோரம் ஒரு பெண்பிள்ளையின் செருப்பு மட்டும் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தமோ, அந்த அர்த்தம் மட்டும்தான் வந்தது. மண்டைக்காட்டம்மா, பிள்ளையத் தா, உனக்கு மண்டையப்பம் படைக்கேன் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். மறுபக்கம் நான் போட்ட சத்தத்தில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

மடை திறக்க மண்வெட்டியோடு வந்த ஐயப்பன் அண்ணன் ஓடிவந்தார்.

"என்ன செல்வி? என்னத்துக்குக் கெடந்து கத்துக?"

"ரம்யா... குளம்..."

இரண்டு சொல்தான் வந்தது. அவருக்கு அது போதும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மார்கழித் தண்ணீர் என்றும் பாராமல் குதித்துவிட்டார். பின்னால் வந்த இருவரும் குதித்தார்கள். இன்னொருவர் அடையாளம் கேட்டு, நான் "காதுல வெள்ளத் துண்டு" என்றதும் கோயிலுக்கு ஓடினார். கோயில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த மார்கழிப் பாட்டு சட்டென்று நின்றது. கோயில் கமிட்டி சுயம்பு அண்ணனின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"அன்பான ஊர் மக்களே! பெரியகுளத்தில் நம்ம செல்வியின் மகள் தவறி விழுந்துவிட்டதாகத் தெரிகிறது. நீச்சல் தெரிந்தவர்கள் உடனே வரவும். பிள்ளை காதில் வெள்ளைத் துண்டு கட்டியிருக்கும்."

ஊர் வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர் பனியனை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு, பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. முகம் வெளிறிப்போய், மெல்லக் கேட்டார்.

"நீ படந்தானே எடுத்துக்கிட்டு இருந்த? அவ எந்தப் பக்கம் போனான்னு அதுல இருக்கும்லா? காட்டு."

கேமராவைச் சுற்றி எத்தனையோ தலைகள் குனிந்தன. கடைசிப் படம். வெள்ளை. அதற்கு முந்தியது. வெள்ளை. அதற்கும் முந்தியது. வெள்ளை.

"இதுல என்ன எளவு இருக்கு? வெள்ளப் பேப்பரையா படம் எடுத்த?" என்றார் ஒருவர்.

"அந்த மிசினு கெட்டுப்போச்சு அக்கா" என்றார் இன்னொருவர்.

கெட்டுப்போகவில்லை. நான் சொன்னதைத்தான் அது செய்திருந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ என் பிள்ளை நின்றிருக்கிறாள், அல்லது விழுந்திருக்கிறாள். நான்தான் ஆசை ஆசையாக வெளிச்சத்தை ஊற்றி அவளை அழித்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். திரை இருண்டது.

"இது என்ன, கருப்பா?"

விரல் விறைத்து எடுத்த அந்தக் கிரகணப் படம். அழித்துவிட நினைத்து, நேரமில்லாமல் விட்டது. அதில் பனி, பனியாக இருந்தது. மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு அடுக்கும் தெரிந்தது. கரை தெரிந்தது. வாழைத்தோட்டத்தின் விளிம்பு தெரிந்தது. கரையிலிருந்து வலதுபக்கச் சரிவில், நகத்துண்டு அளவில், வெள்ளைச் சால்வையும் தலையில் பெரிய கட்டுமாக ஒரு உருவம் இறங்கிக்கொண்டிருந்தது.

வலதுபக்கம். குளத்துக்கு எதிர்ப்பக்கம்.

"வயலுக்குத்தான் எறங்கியிருக்கா! ஏலே, கரைக்குக் கேறுங்கலே! பிள்ள தண்ணியில இல்ல!" என்று அவர் கத்தியது இன்றும் காதில் நிற்கிறது. அவ்வளவு சத்தம் அவருக்கு உண்டு என்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஊர் மொத்தமும் வரப்பில் இறங்கி வாழைத்தோட்டத்தை நோக்கி ஓடியது. ஈரம் சொட்டச் சொட்ட ஐயப்பன் அண்ணன் முன்னால். நான் பின்னால்.

தோட்டத்தின் விளிம்பில், வாழை இலையை விலக்கிக்கொண்டு, என் மகள் நிதானமாக வெளியே வந்தாள். எதிரே ஓடிவருகிற ஊரைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்தாள்.

"என்னப்பா? யாருக்கு என்ன ஆச்சு?"

நான் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எங்கட்டி போன நீ?"

"சொல்லிட்டுத்தானே போனேன்! 'யம்மா, ஒதுங்கிட்டு வாறேன்'னேன். 'ம்'ன்ன. 'போவட்டா?'ன்னு மறுபடியும் கேட்டேன். 'சரி சரி'ன்ன. மூணு தம்ளர் சுக்குக் காப்பி குடுத்தா மனுசி என்ன செய்வா?"

ஓடிவந்த ஆண்களெல்லாம் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனால் எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை மூடி நாடியை எண்ணினாள். "நெஞ்சு என்னமா அடிக்கி. இருந்துக்கோ. மெதுவா மூச்ச விடு. நான் இங்கதான் நிக்கேன்" என்றாள். அந்த நொடியில் அவள் என் பிள்ளையாக இல்லை. யாரோ ஒரு நல்ல நர்சாக இருந்தாள். இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அதற்குள் யாரோ கோயிலுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், ஒலிபெருக்கி மறுபடி உயிர்பெற்றது.

"அன்பான ஊர் மக்களே! பெரியகுளத்தில் காணாமல்போன பிள்ளை நலமாகக் கிடைத்துவிட்டது. பிள்ள தண்ணியில விழல்ல. வாழத்தோட்டத்துல ஒதுங்கப் போயிருந்திச்சு. கொஞ்ச நேரத்துக்கு யாரும் அந்தப் பக்கம் போகாண்டாம்."

ரம்யா என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது பொங்கலுக்குத்தான். அதுவும் "உப்பு எங்க?" என்று. குழுவுக்கு அந்தக் கருத்த படத்தை மட்டும் அனுப்பினேன். "என்னட்டி இவ்வளவு இருட்டு? வெளிச்சம் பாத்து எடுக்கப்பிடாதா?" என்று ஜெயந்தி கேட்டாள். பார்த்தேன் என்று மட்டும் எழுதினேன். எங்கள் வீட்டில் இப்போது யார் குளியலறைப் பக்கம் எழும்பினாலும் என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அன்பான ஊர் மக்களே" என்று தொடங்கிவிடுவார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ரம்யா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் நுழையும்போதும் அவர் அதையேதான் சொன்னார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மீதியை அவளே திரும்பி நின்று சொல்லி முடித்தாள்.

ஜெர்மனியில் முதல் பனி விழுந்த அன்று அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. பெரிய மைதானம், இலையில்லாத மரங்கள், நடுவில் புள்ளியாக அவள். பனி வெள்ளையாக இல்லை. அரிசி களைந்த தண்ணீர். இவ்வளவு பாடுபட்டும் பிள்ளைக்கு நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லையே என்று உடனே கூப்பிட்டேன்.

"மக்ளே, பனிக்கு பிளஸ் போடணும்லா. படம் இருண்டு கெடக்கு."

"தெரியும்மா. வேணும்னுதான் போடல்ல" என்றாள். "நீ தேடினா நான் கெடைக்கணும்லா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி, ஆளாயிற்று. ஆளுக்குத் தலை தெரிந்தது.

"காதுல துண்டு கெட்டல்லியாட்டி?" என்றேன்.