மூன்றாம் ஓலையும் ‘பி’ ரத்தமும்

சேசு மரி சூசை

செஞ்சி,
21-11-1944

மைத்துனர் தோமினிக் அவர்களுக்கு உம் அக்காள் புருஷன் காஸ்பர் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவது மரியாதை. மரியாதைக்காக எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். சென்னையில் நீரும் உமது ஆராய்ச்சிச் சாலையும் அதிலுள்ள முயல்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கெடுதல் வருவதெல்லாம் எங்களுக்குத்தானே.

போன மாதம் அமலோற்பவத்தின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமனாக வந்த நீர் பழமும் பூவும் கொண்டுவருவீர் என்று பார்த்தால், ஒரு தோல்பெட்டி நிறைய ஊசியும் புட்டியும் கண்ணாடிச் சில்லும் கொண்டுவந்தீர். குடும்பங்களில் ரத்த வகை எப்படி இறங்கி வருகிறது என்று உங்கள் மேலதிகாரி ஆராய்கிறார், அதற்கு விரல்கள் வேண்டும் என்றீர். நான் தடுக்கவில்லை. ஆராய்ச்சியின் அருமை தெரிந்தவன் நான். உங்கள் தகப்பனார் என்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ப்பதாகச் சொல்லித்தான் உம் அக்காளைக் கட்டிக்கொடுத்தார் என்பதும், பிறகு அந்தச் செலவில் உம்மைச் சேர்த்தார் என்பதும், நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் உமக்குத் தெரியும். அதை நான் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றியதும் நீர் வந்தவர்களை எல்லாம் வரிசையாகக் குத்தினீர். மாப்பிள்ளை ஆரோக்கியம், அவன் தகப்பனார் செபாஸ்தியான், தாம்பூலத்துக்கு வந்த மல்லாட்டைக் கடலை மண்டி வாசுபூஜ்ய நயினார், அழைக்காமலே வந்த என் சித்தப்பா மகன் ராஜாங்கம், ஒருவரையும் விடவில்லை. பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இல்லாததால் உம் அக்காளும் அமலோற்பவமும் கதவிடுக்கு வழியாக விரலை மட்டும் நீட்டினார்கள். நீர் கண்ணாடியை ஆட்டி ஆட்டிப் பார்த்து, “மாமா, நீங்க பீ! அக்கா பீ! நயினாரும் பீ!” என்று கத்தினீர். செபாஸ்தியானிடமும் அதே எழுத்தை நீட்டிச் சொன்னீர். அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உமக்குத் தோன்றவே இல்லை. கடைசியில், “பொண்ணும் பீ, மாப்பிள்ளையும் பீ! ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்! இத விடப் பொருத்தம் எங்க கெடைக்கும்?” என்று கை தட்டிவிட்டு, திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டீர்.

ஒரே ரத்தம்! இந்த ஊரில் அதற்குப் பங்காளி என்று அர்த்தம். சாவு விழுந்தால் சேர்ந்து தீட்டுக் காக்க வேண்டியவன், பெண் கொடுக்கவும் எடுக்கவும் கூடாதவன். ‘ஒரே வகை’ என்று சொல்லியிருந்தால் உமது நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

ராஜாங்கம் மட்டும் ‘ஏ’. எங்கள் தாத்தா வெட்டிய பங்குக் கிணற்றில் என் முறை நாளில் அவன் மாட்டைப் பூட்டுகிறவன் என்பது உமக்குத் தெரியும். “பாத்தீங்களா, இவன் எனக்குப் பங்காளியே இல்லன்னு ரத்தமே சொல்லிடுச்சி” என்று எல்லோர் முன்னாலும் நான் ஒரு வார்த்தை சொன்னேன். விளையாட்டாகச் சொன்னது. ஊரார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், பங்காளி இல்லாதவனுக்குப் பங்குக் கிணறு எதற்கு என்று அவனைக் கிணற்றடியிலிருந்தே திருப்பி அனுப்பினால் அதற்கு நானா பொறுப்பு?

அப்புறம் நயினார் வீட்டுக்கே வந்துவிட்டார். “காஸ்பர் சார், உங்க ஒடம்புல ஓடுறதும் என் ரத்தந்தான்னு ஆயிடுச்சி. இனிமே ஞாயித்துக்கெழம ஆட்டுக்கறி வேணாம் சார். எனக்கில்ல பாவம்?” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா, இன்னும் தெரியவில்லை. ஜைனர் வீட்டில் பழகியவன், முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியவில்லை. மூன்று ஞாயிறாகக் கத்தரிக்காய் தின்கிறேன். உம் அக்காளோ, தானும் ‘பி’ நானும் ‘பி’ என்றால் இத்தனை வருஷமும் அண்ணன் தங்கையாகவா குடித்தனம் செய்தோம் என்று அழுது, பாயை மகள் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உலகத்து ஜனங்கள் எல்லோரையும் நாலே வகையில் அடக்கியிருக்கிறார்கள், கால்வாசிப் பேர் ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “நீங்க இன்னா டாக்டருக்கா படிச்சீங்க? தம்பி சொல்லட்டும்” என்றாள். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பொறுப்பேன். உங்கள் வீட்டுப் பெண் கேட்கலாமா?

இதெல்லாம் போகட்டும். கோயிலில் கலியாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் அல்லவா, முதல் ஓலை ஒழுங்காக முடிந்தது. நேற்று முன்தினம் இரண்டாம் ஓலையைச் சாமியார் வாசித்து, விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்றதும் ராஜாங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

“விக்கினம் இருக்குது சாமி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ரத்தம். மெட்ராசு டாக்டரே கண்ணாடியில பாத்துச் சொன்னாரு.”

“எத்தனையாம் தலைமுறை உறவு?” என்று கேட்டார் சாமியார்.

“அதெல்லாம் தெரியாது சாமி. பீ.”

சாமியார் தம் லத்தீன் சட்டப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். அதில் ‘பி’ இல்லை. நான் எழுந்து, “சாமி, அது அதே ரத்தந்தான், ஆனா உறவு ரத்தம் இல்ல” என்றேன். ராஜாங்கம் என் பக்கம் திரும்பி, “என்னப் பங்காளி இல்லன்னு சொன்ன அன்னிக்கி மட்டும் அது உறவு ரத்தமா, அண்ணாத்தே?” என்றான். கோயில் முழுக்கச் சிரித்தது. பி.ஏ. பட்டத்தோடு உட்கார்ந்துவிட்டேன். பிஷப் ஆண்டவருக்கு எழுதி அவர் உத்தரவு வந்த பிறகுதான் மூன்றாம் ஓலை என்று சாமியார் சொல்லிவிட்டார்.

செபாஸ்தியான் மறுநாளே அவலூர்பேட்டையிலிருந்து வந்து, “எங்க ரத்தம் உங்க வூட்டுக்கு எப்பிடி வந்துச்சி? யாரு வழியா?” என்று செத்துப்போன கிழவிகளை எல்லாம் சந்திக்கு இழுத்தார். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஆகமன காலம் பிறந்தால் கிறிஸ்துமஸ் கழியும்வரை கலியாணம் இல்லை. அதற்குள் ஓலை முடியாவிட்டால் அனந்தபுரத்தில் வேறொரு பெண் இருக்கிறதாம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையை அமலோற்பவம் கதவிடுக்கில் பார்த்ததை நான் பார்த்தேன். இப்போது அதே கதவுக்குப் பின்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

ஆகையால் இது கண்டவுடன், ஒரே வகை என்பது ஒரே வமிசம் அல்ல, ஒரு தாத்தாவின் பேரன்களே வேறு வேறு வகையாக இருக்கலாம் என்று தெளிந்த தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் ஆராய்ச்சிச் சாலை முத்திரையும் குத்தி அனுப்பும். கோயிலில் நின்று வாசிக்கிறேன். விஞ்ஞானத்தில் உண்மை ஒன்றுதான். அதை அஞ்சாமல் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது படித்தவன் கடமை.

தேவமாதா உம்மையும் உமது ஊசியையும் காப்பாளாக. அக்காள் உம்மை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ம. காஸ்பர்

பின்குறிப்பு: உறையில் போடும்முன் இதை உம் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். கதவிடுக்கு என்ற இடம் வந்ததும் விம்மினாள். “உங்க மவ ஊசியப் பாத்தாலே மயங்கி உழுந்துடுவா. அதான் ரெண்டு தரமும் நானே நீட்டினேன். ஒரு தரம் சோத்துக் கை, ஒரு தரம் பீச்சாங்கை. தம்பி ஆராய்ச்சி கெட்டுடுமேன்னு சொல்லல” என்றாள். செபாஸ்தியானுக்கு ஆள் அனுப்பி வரவழைத்துச் சொன்னேன். “அப்ப பொண்ணு ரத்தம் இன்னா?” என்றார். தெரியாது என்றேன். “தெரியாதா? நல்லதாப் போச்சி. தெரியாத ரத்தமே போதும், சம்மந்தி” என்று காபி கேட்டுக் குடித்தார். சாமியாரும் ஆண்டவருக்கு எழுதியதைக் கிழித்துவிட்டார். வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை, புதன்கிழமை கலியாணம். அமலோற்பவம் சாப்பிட்டாள்.

ஆகவே மேலே கேட்ட விளக்கத்தை எழுத வேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துவிடும். ஒரு தாத்தாவின் பேரன்கள் என்று நீர் எழுதப்போக, அது ராஜாங்கம் காதில் விழலாம். இந்த வாரம் எல்லா நாளும் என் மாடுதான் கிணற்றில் இறைக்கிறது. காகிதத் தட்டுப்பாட்டில் இத்தனை பக்கத்தை வீணாக்க மனமில்லாமல் அப்படியே அனுப்புகிறேன். கலியாணத்துக்கு அவசியம் வாரும். பெட்டியில் வேட்டி மட்டும் இருக்கட்டும்.

உம் அக்காளின் பாய் மட்டும் இன்னும் மகள் அறையில்தான் இருக்கிறது. இரண்டு தரம் குத்தியும் ‘பி’ என்றே வந்ததால் இரண்டு மடங்கு தங்கை என்கிறாள். உம்மைக் கொண்டு அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லவைக்கலாம். சொன்னால் அந்தப் பேச்சு மறுநாள் கிணற்றடியில் இருக்கும். பாயா கிணறா என்று யோசித்தேன். கலியாணம் முடியும்வரை கிணறே இருக்கட்டும்.