சொதப்பலுக்கு ஒரு நிமிட மௌனம்

தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம். குற்றம் செய்தால் தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வந்துவிடலாம். சொதப்பினால்தான் விமோசனமே கிடையாது. செய்தவன் மறந்தாலும் பார்த்தவர்கள் மறக்காத தப்புக்குத்தான் சொதப்பல் என்று பெயர். இது நானே பட்டுத் தெரிந்துகொண்ட விளக்கம்.

எனக்கு நெய்வேலியில் சுரங்க வேலை. எங்கள் பிரிவில் மைக் பிடித்துப் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியதை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.) அந்த மாதம் அடுத்தடுத்து இரங்கல் கூட்டங்கள். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன். அதற்குப் பிறகு வந்தது ஃபோர்மேன் ராஜமாணிக்கம் அண்ணனின் பணி ஓய்வு விழா.

நைட் ஷிஃப்ட் முடித்து, மாற்று ஆள் வராததால் காலை ஷிஃப்டையும் பார்த்துவிட்டு, நேரே சமுதாயக் கூடத்துக்குப் போனேன். கண் திறந்திருந்ததே தவிர, நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். மேடையில் மாலையோடு அண்ணன், பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மனைவி செல்வி அண்ணி. அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

நன்றாகத்தான் பேசினேன். முடிக்கும்போது வாய் பழகிய தடத்தில் போய்விட்டது.

“நம்மை விட்டுப் பிரிந்த அண்ணனுக்கு, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

உடனே யாராவது சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். கூடமே எழுந்து தலையைக் குனிந்தது. மேனேஜரும் எழுந்தார். ராஜமாணிக்கம் அண்ணனும் எழுந்து, மாலையோடு கைகட்டி நின்றார்.

அண்ணிதான் முதலில் விழித்துக்கொண்டார். “ஏங்க, நீங்க எதுக்குங்க நின்னுகினு இருக்கீங்க? உங்களுக்குத்தாங்க அஞ்சலி செலுத்த சொல்றாரு!”

அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. அண்ணி சிரிக்கவில்லை. விருந்தில் கை வைக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மந்தாரக்குப்பத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைப் பிடித்தபடி நின்றார்.

“மன்னிச்சிடுங்க அண்ணி. தூக்கக் கலக்கத்துல...”

“ஆஸ்பத்திரில அவரு பக்கத்துல உக்காந்துகினு நான் தூங்காம கெடந்தது எனக்குத்தான் தெரியும் தம்பி. நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா?”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

“வுடு செல்வி. நாளைக்கி நான் செத்தா எத்தினி பேரு எழுந்து நிப்பாங்கன்னு யாரு கண்டா? உசுரோட இருக்கசொல்லவே பாத்துட்டன். மேனேஜரே நின்னாரு!”

அண்ணி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “உள்ள வாங்க, காப்பி தரேன். இனிமே எங்க வூட்டு விசேஷத்துல மட்டும் மைக்கத் தொடாதீங்க.”

அண்ணன் இன்றும் கல்லுக்குண்டாக இருக்கிறார். போகிற கல்யாணத்திலெல்லாம் என்னை, “எனக்கு அஞ்சலி செலுத்தினவரு இவருதாங்க,” என்று அறிமுகப்படுத்துகிறார். கதை எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சாம்பாரில் உப்புக் கூடினாலும், நான் கேஸ் புக் பண்ண மறந்தாலும் என் மகள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தலையைக் குனிந்து நிற்பாள். கரண்டியும் கையுமாக என் மனைவியும் சேர்ந்துகொள்வாள். டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து கால் கெஞ்சினாலும், வேறு வழியில்லாமல் நானும் எழுந்து நிற்கிறேன்.