விறாந்தை மாநகரம், குசினி கிராமம்

பிரதீஸ் வாங்கிய வீட்டுக்குள்ளால் மாநகர சபையின் எல்லை ஓடுகிறது என்ற விஷயம், பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகுதான் தெரியவந்தது.

வதிவிடச் சான்றிதழ் கேட்டுப் போனபோது கிராம சேவகர் வரைபடத்தை மேசையில் விரித்து, பேனை மூடியால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"விறாந்தையும் ஹோலும் டவுன் பக்கம் தம்பி. சாப்பாட்டறை, குசினி, கிணறு எல்லாம் பிரதேச சபைப் பக்கம். உங்கட வீட்டில அரைவாசிக்குத்தான் நான் கையெழுத்து வைக்கலாம்."

வேறொருவன் என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். பிரதீஸ் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான். அவன் செங்கலடிச் சந்தியில் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். மிச்சம் விழுந்த துண்டுகளை 'புது டிசைன்' என்று சொல்லி விற்கத் தெரிந்தவனுக்கு, இரண்டாய்ப் பிரிந்த வீடு ஒரு குறையாகவே படவில்லை.

மகள் கிதுஷா வரும் வருடம் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டும். டவுனில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துவிட வேண்டும் என்பது பிரதீஸின் பேராசை. அங்கே மாநகர எல்லைக்குள் குடியிருக்கிறவர்களுக்குத்தான் முதலிடம். அதற்காகவே செங்கலடியை விட்டுத் தன்னாமுனைப் பக்கம் வந்து இந்த வீட்டைப் பிடித்தான். ஆனால் டவுனுக்குள் வீடு என்றால் மாநகர சபைக்கு வீட்டின் பெறுமதியைப் பார்த்துப் போடுகிற சோலை வரி கட்டவேண்டும். பிரதேச சபை வரியோடு பார்த்தால் அது யானைக்கும் ஆட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

"யசோ, எங்களுக்கு அதிஷ்டம் அடிச்சிரிக்கு" என்றான் மனைவியிடம். "பள்ளிக்கூடத்துக்கு நாங்க முன்பக்கத்து ஆக்கள். வரிக்கு நாங்க பின்பக்கத்து ஆக்கள்."

யசோதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஆர்? தேங்காய் திருவக்குள்ள கிராமத்தாள், தேத்தண்ணி கொண்டு முன்னுக்கு வரக்குள்ள டவுனாளா?"

"பகிடி விடாத."

"நான் ஒண்டு சொல்லட்டா? பின்னால வாவிக்கரையில பள்ளிக்கூடம் இரிக்குதானே. வேலியடியில நிண்டு கூப்பிட்டா புள்ளைக்குக் கேக்கும். அங்கயே சேர்ப்பம்."

வாவிக் காற்றோடு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் அந்த நேரத்திலும் குசினிக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. பிரதீஸ் யன்னலைச் சாத்தினான்.

"அது பள்ளிக்கூடமா? மதில் இல்ல, பேண்ட் வாத்தியம் இல்ல. டவுன் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு புள்ள ரோட்டில போனா, ஆக்கள் விலகி வழி விடுவாங்க."

யசோதினி தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போனது. நாங்கள் முன்பக்கத்தில் வசிக்கிறோம். மாநகர சபைக்கும் ஒரு மனு போனது. நாங்கள் பின்பக்கத்தில் வசிக்கிறோம், எங்களை வரியிலிருந்து விட்டுவிடுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. வீட்டைப் பார்க்க ஆள் வரும்.

முதலில் வரப்போவது பள்ளிக்கூடத்து ஆட்கள்தான் என்று பிரதீஸ் முடிவு கட்டினான். கட்டிலை ஹோலுக்கு இழுத்தான். அலுமாரியை விறாந்தைப் பக்கம் தள்ளினான். கலியாணப் படத்தைக் கழற்றி முன்சுவரில் மாட்டினான். குசினிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டதால், யசோதினி வெளியால் சுற்றிப் போய்க் கிணற்றடியில் அடுப்பு மூட்டிச் சமைத்தாள்.

ஒரு காலையில் சட்டையை உள்ளே விட்ட இளைஞன் ஒருவன் அளவுநாடாவோடு படலையைத் திறந்தான்.

"முன்பக்கம் பாவனையில இரிக்கா சேர்?"

"சீவியம் முழுக்க முன்பக்கத்திலதான். பின்பக்கத்தில நாங்க கால் வைக்கிறதே இல்ல."

இளைஞன் குனிந்து தரையைத் தடவினான். "நிலம் என்ன டைல்ஸ்?"

அந்தக் கேள்வியை மட்டும் யாரும் பிரதீஸிடம் கேட்கக்கூடாது.

"இத்தாலி. இந்த ரோட்டில ஒருத்தர்ட வீட்டிலயும் இது இல்ல. எண்ணெய் கொட்டினாலும் வழுக்காது. புள்ள ஓடித் திரியிற வீடுதானே."

உண்மையில் அவை கடையில் மிஞ்சிய துண்டுகள். நாலு நிறத்தில் இருந்தன.

"மேல தட்டுக் கட்டுற யோசனை ஏதும்?"

"அத்திவாரமே அதுக்குத்தான் போட்டுக் கிடக்கு. மகள் மேல இருந்து அமைதியாப் படிக்கணும்."

இளைஞன் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான். போகும்போது மனம் நிறைந்து சொன்னான்:

"உங்களப் போல உண்மை சொல்லுற ஆக்கள் குறைவு சேர். வரிக்குப் பார்க்க வந்தம் எண்டா, வீடு இடிஞ்சு விழப்போகுது எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

"வரிக்கா?"

"ஓம். மாநகர சபை மதிப்பீட்டுப் பிரிவு. என்ட பேர் அஸாம்."

மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பி மறையும் வரைக்கும் பிரதீஸ் படலையைப் பிடித்தபடி நின்றான். உள்ளேயிருந்து யசோதினியின் குரல் வந்தது.

"இத்தாலிக்காரன் போயிட்டாரா?"

அடுத்த நாள் அவன் சபைக்கு ஓடினான். அது டைல்ஸ் கடைப் பழக்கத்தில் வாயில் வந்த பேச்சு, நாங்கள் பின்னால்தான் குடியிருக்கிறோம் என்று கெஞ்சினான். அஸாம் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப திரும்ப ஒருக்கா ஆள் வந்து பார்க்கட்டும் சேர்."

வீடு தலைகீழானது. கட்டில் குசினிக்குப் போனது, கலியாணப் படம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறியது. ஹோலுக்குள் டைல்ஸ் பெட்டிகளும் சீமெந்துப் பைகளும் அடுக்கப்பட்டன. யசோதினியின் அப்பாவுடைய வட்டையில் விளைந்த நெல்லும் மூட்டையாய் வந்து இறங்கியது. அப்படியும் பிரதீஸுக்குத் திருப்தியில்லை. பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பியிடம் போய் ஒரு கிடாய் ஆட்டை இரவல் வாங்கிவந்து, ஹோலின் நடுவில் கட்டினான்.

"ஆடு நிக்கிற இடத்த ஆரும் ஹோல் எண்டு சொல்ல ஏலாது" என்றான்.

ஆடு அன்றைக்கே யன்னல் சீலையின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.

மகளுக்கும் பயிற்சி நடந்தது.

"எங்க படுக்கிற எண்டு கேட்டா?"

"குசினிக்குள்ள."

"முன்னுக்கு விளையாடுறயா எண்டு கேட்டா?"

"அங்க ஆடு இரிக்கு."

"கெட்டிக்காரி."

கிழமை முடியமுன்னர் வந்தார்கள். குடை பிடித்த ஒரு அம்மாவும், கண்ணாடி போட்ட ஒரு ஐயாவும். பிரதீஸ் வேண்டுமென்றே கிழிந்த சாரம் கட்டியிருந்தான்.

"இதென்ன தம்பி, ஹோலுக்குள்ள ஆடு?"

"இது ஹோல் இல்ல மிஸ், சாமான் போடுற இடம். மழை வந்தா முழுக்க ஒழுகும். எங்கட சீவியம் குசினிக்குள்ளதான். டவுனுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாங்க முழுக்கக் கிராமத்து ஆக்கள்."

அந்த அம்மாவும் ஐயாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கிதுஷாவின் முன்னால் குனிந்தார்.

"மகள் எங்க படுக்கிற?"

"குசினிக்குள்ள."

"மெய்யா?"

"மெய்யா. அப்படித்தான் சொல்லணும் எண்டு அப்பா சொன்னார்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையிலிருந்த கடிதக் கோவையின் ஒரு மூலையை ஆடு கவ்வியிருந்தது. அவர் அதை இழுத்தபடியே கேட்டார்:

"இந்த ஆடும் ஒண்டாம் வகுப்புக்கு விண்ணப்பிச்சிரிக்கா?"

பிரதீஸ் ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். "நீங்க... எங்க இருந்து வாறீங்க?"

"பள்ளிக்கூடத்தால" என்றார் அம்மா. "நான் புஸ்பம் டீச்சர். மகள்ட விண்ணப்பம் விசயமாப் பார்க்க வந்தம்."

அன்று பிரதீஸ் சாப்பிடவில்லை. குசினிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வரி ஏறப்போகிறது, பள்ளிக்கூடமும் போய்விட்டது. டவுன் என்று அளந்து எழுதிக்கொண்டு போனவர் வரிக்காரர். கிராமம் என்று எழுதிக்கொண்டு போனவர்கள் பள்ளிக்கூடத்தார். இதற்கு மேல் ஒரு மனிதன் தன் கையால் தனக்குக் கெடுதி செய்ய முடியுமா என்று யோசித்தான்.

முடியும் என்பது பிறகு தெரிந்தது. அவன் இரண்டு பக்கமும் மேன்முறையீடு செய்தான்.

"இந்த முறை மாத்தி மாத்தி இழுக்கிற வேலையே இல்ல" என்று யசோதினியிடம் விளக்கினான். "முன்னுக்கு ஒரு வீடு, பின்னுக்கு ஒரு வீடு. ஆர் வந்தாலும் அந்தந்தப் பக்கத்தக் காட்டுவம்."

கதிர்காமத்தம்பி வீட்டுக்கு ஆடு திரும்பிப் போனது. பதிலுக்கு அங்கிருந்து ஒரு கட்டிலும், கதிரைகளும், மண்ணெண்ணெய் அடுப்பும் வந்தன. ஹோலில் ஒரு குடும்பம் வாழ்கிற மாதிரியும், குசினியில் இன்னொரு குடும்பம் வாழ்கிற மாதிரியும் வீடு நின்றது. இருந்தது ஒரே ஒரு குடும்பம். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் நின்றது.

நேரம் பார்த்து வருவதற்கு அதிகாரிகள் என்ன மாப்பிள்ளை வீட்டாரா? புஸ்பம் டீச்சரும் கண்ணாடி ஐயாவும் முன்படலையால் வந்த அதே நேரம், அஸாம் பின்வேலிக் கடப்பால் வந்தான்.

"வாங்க டீச்சர், இருங்க. மகள் இஞ்சதான் படிக்கிற" என்று பிரதீஸ் பிள்ளையைக் கொப்பியோடு ஹோல் கதிரையில் இருத்தினான். பின்னால் குரல் கேட்டதும் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினான். "வாங்க சேர், மகள் இஞ்சதான் படுக்கிற." குசினிக் கட்டிலில் கிடத்திப் போர்வையால் மூடினான். முன்னுக்கு ஐயா இருமினார். பிள்ளை மறுபடி கதிரைக்குப் போனது. பின்னுக்கு அளவுநாடா சரசரத்தது. பிள்ளை மறுபடி கட்டிலுக்குப் போனது.

அஸாம் நாடாவை இழுத்துக்கொண்டே பின்னாலிருந்து முன்னுக்கு நடந்தான். புஸ்பம் டீச்சர் யன்னல்களைப் பார்த்துக்கொண்டே முன்னாலிருந்து பின்னுக்கு நடந்தார். சாப்பாட்டறை வாசலில், எல்லை ஓடுகிற அதே இடத்தில், இருவரும் முகத்துக்கு முகம் சந்தித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு கையில் தலையணையும் மறுகையில் கொப்பியுமாகப் பிரதீஸ் நின்றான். கிதுஷா அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் இப்ப எங்க இரிக்கணும்?"

பிள்ளையின் தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. எவ்வளவு நேரமாக இவளைச் சாமான் மாதிரித் தூக்கித் தூக்கி வைத்தோம் என்று நினைத்த பிரதீஸ் தலையணையையும் கொப்பியையும் கீழே வைத்தான்.

யசோதினி தேநீர்த் தட்டோடு வந்தாள்.

"சேர், டீச்சர், எங்களுக்கு ஒரு வீடுதான். சமைக்கிறது அங்க, படுக்கிறது இஞ்ச. புள்ளைய நல்லாப் படிப்பிக்கணும் எண்ட ஆசையில இவர் கண்டபடி பொய் சொல்லிப்போட்டார். வாற வரியக் கட்டுறம். பள்ளிக்கூடம் கிடைச்சா கிடைக்கட்டும், இல்லாட்டி விடுங்க. தேத்தண்ணி ஆறப்போகுது."

கண்ணாடி ஐயா முதலில் கோப்பையை எடுத்தார்.

"முன்வாசல் எந்தப் பக்கமோ, வீடும் அந்தப் பக்கம். எங்கட விதி அதுதான்" என்றார்.

"எங்கட விதியும் அதுதான்" என்றான் அஸாம்.

முன்வாசல் டவுனில் இருந்தது. கிதுஷாவுக்கு இடம் கிடைத்தது. வரியும் முழு வீட்டுக்கும் வந்தது, இத்தாலி டைல்ஸுக்கும் கட்டாத மேல்தட்டுக்கும் சேர்த்து. பிரதீஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கழுத்துப்பட்டி வாங்கி, மகளுக்குக் கட்டிவிட்டு, கடையில் எல்லோருக்கும் படம் காட்டினான். கதிர்காமத்தம்பியின் ஆட்டுக்குக்கூட ஒரு கட்டு பலாக்குழை வாங்கிக் கொடுத்தான்.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் புஸ்பம் டீச்சர் தனியாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிரதீஸ் துள்ளி எழுந்து, பழக்க தோஷத்தில் கட்டிலின் ஒரு தலைப்பைத் தூக்கிவிட்டான்.

"விடுங்க தம்பி, விடுங்க. பள்ளிக்கூட விசயமா வரல்ல. என்ட சொந்த விசயம்."

அவர் நேரே குசினிக்கு நடந்தார். யன்னலைத் திறந்தார். வாவிக்கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விழாவுக்குப் பாட்டுப் பழகுகிற சத்தம் வந்தது. சற்று நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இந்தக் குசினிய மட்டும் எனக்கு வாடகைக்குத் தருவீங்களா?"

"குசினியையா?"

"என்ட கடைசி மகனுக்கும் இந்த முறை ஒண்டாம் வகுப்பு. பின்னால இரிக்கிற பள்ளிக்கூடத்தில சேர்க்கலாம் எண்டு கேட்டன். இந்தப் பக்கத்து விலாசம் வேணுமாம். வீடு தேடாத இடமில்ல, ஒண்டும் கிடைக்குதில்ல."

பிரதீஸ் யசோதினியைப் பார்த்தான். யசோதினி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர்" என்றான் அவன் மெதுவாக. "டவுனில உங்கட பள்ளிக்கூடத்தில உங்கட மகனுக்கு இடமில்லையா?"

புஸ்பம் டீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடமெல்லாம் தாராளமா இரிக்கு தம்பி. ஆனா என்ட படிப்பிப்பு எப்படி எண்டு எனக்குத்தானே தெரியும். அங்க ஒண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறது நான்தான்."