கம்ப்யூட்டருக்கு வேப்பிலை கட்டியவர்

கம்ப்யூட்டருக்கும் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், வரும் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார். பெயர் வேப்பிலை மாஸ்டர். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், தையல் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் அவருடைய திருத்தும் கடை. உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

உளவு மென்பொருள் புகுந்த கணினி வந்தால் மாஸ்டர் முதலில் இணைய வயரைப் பிடுங்குவார். அடுத்து அதன் தலையில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகுவார். முன்பு, ‘தொடவேண்டாம்’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினாராம். மூன்று மொழிக்காரரும் தொட்டார்களாம். வேப்பிலை வைத்த பிறகு, கரண்ட் பில் கொண்டுவந்த சிங்கள அய்யாகூட வாசலில் நின்றே கையை நீட்டிவிட்டுப் போனாராம்.

என் கணினிக்கும் அந்த வருத்தம் வந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் அன்ட்டி, மகளுக்குச் சாதகப் பொருத்தம் பார்க்க ஒரு புரோகிராம் இறக்கித் தரச் சொன்னார். “நீதானே படிச்ச பிள்ளை” என்றும் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எதையும் இறக்குவேன். இலவசமாக ஒன்று கிடைத்தது. நிறுவுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொன்னது. படித்த பிள்ளை நிறுத்தினேன்.

வியாழன் மாலை என் மின்னஞ்சல் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்றது. யாரோ அதைத் திருடி, மாற்றியும் விட்டான். அந்த மின்னஞ்சலுக்குள்தான் கணினிப் பட்டப்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த கடிதம் இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அதே முகவரியிலிருந்து பதில் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

விடிந்ததும் கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெள்ளவத்தை போனேன். முன்னால் வந்தவர்களை அனுப்பி, மத்தியானம் தாண்டித்தான் மாஸ்டர் என் கணினிக்கு வந்தார். வேப்பங்கொத்தைச் செருகிவிட்டுக் கேட்டார்.

“பிள்ளை, கடைசியா என்ன இறக்கினனீர்?”

“சாதகப் பொருத்தம் பார்க்கிற புரோகிராம், மாஸ்டர்.”

“எத்தினை பொருத்தம்?”

“பத்துக்கு எட்டு.”

“உமக்கும் கள்ளனுக்கும் பத்துக்குப் பத்து.”

அந்தப் புரோகிராமுக்குள் ஒளிந்து வந்த ஒன்று, நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக் கள்ளனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். புதிய பாஸ்வேர்டையும் இதிலேயே தட்டினால், திருடியவன் வீட்டுக்குப் புதுச் சாவியையும் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரியாம். வருத்தக்காரருக்கு மூன்று தண்ணீர் வார்ப்பதுபோல் இதற்கும் மூன்று தண்ணீர் என்றார். முதல் தண்ணீர், சுத்தமான பென்டிரைவிலிருந்து இயக்கித் தேடுவது. இரண்டாவது, உலாவியில் ஒட்டியிருக்கும் தெரியாத சாமான்களையும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் அழிப்பது. மூன்றாவது, படங்களையும் பாடக் குறிப்புகளையும் வெளியே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போடுவது. “மூண்டாம் தண்ணி வாக்காமல் ஆரையும் வெளியில விடமாட்டன்.”

அது நடக்கட்டும் என்று, அவருடைய சுத்தமான மடிக்கணினியில் என் கணக்கை மீட்க உட்கார்ந்தேன். போனுக்கு ஒரு இரகசிய இலக்கம் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. பாடசாலைக் காலத்தில் திறந்த கணக்கு அது. அப்போது வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. அப்பா பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறார். எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். போன் எடுத்தேன்.

“நம்பர் வந்திருக்கும்மா. ஆனா சொல்ல மாட்டேன்.”

“அப்பா, நான் ஒங்க மகப்பா.”

“கொரல் அப்படித்தான் இருக்கு. இப்ப கொரலையும் செய்றாங்களாம், மாஸ்டர் சொன்னாரு.”

இந்தக் கணினியை மாஸ்டரிடம் வாங்க வந்த அன்று அவர் அப்பாவை உட்கார்த்தி அரை மணித்தியாலம் பாடம் நடத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனுக்கு வரும் இலக்கத்தைக் கடவுளே கேட்டாலும் போனில் சொல்லக்கூடாது என்பதுதான் பாடம். மாஸ்டர் போனை வாங்கி, “ஐயா, நான்தான் கதைக்கிறன்” என்றார். அப்பா அழைப்பை வெட்டிவிட்டார். மறுபடி எடுத்தபோது போனையே அணைத்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. மாஸ்டருக்கு முகமெல்லாம் பெருமை. “இருபது வரியமாச் சொல்லுறன் பிள்ளை. கேட்ட ஒரே ஆள் உம்மட அப்பாதான்.”

கடையைப் பூட்டி, மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியின் நெரிசல் எங்களை ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி விசாரித்தது. சந்தைக்குள் நுழைந்து, தரை கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அப்பாவைக் கண்டுபிடித்தபோது மணி மூன்றேகால். முதல் இலக்கம் காலாவதியாகிவிட்டது. கவிழ்த்த மீன் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து, மாஸ்டரின் போன் டேட்டாவில் இன்னொன்று கேட்டோம். வந்தது.

அப்பா என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். போனைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பினார்.

“மாஸ்டர், நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க.”

மாஸ்டர் திரும்பி ஒரு பெரிய தளபத்து மீனைப் பார்த்தபடி நின்றார். அப்பா ஒவ்வொரு இலக்கமாக என் காதில் சொன்னார். கணக்கு திறந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன். முதுகைக் காட்டிக்கொண்டே மாஸ்டர் கட்டளை போட்டார்: மற்ற எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு, கடிதங்கள் வேறு முகவரிக்குத் திருப்பப்படுகின்றனவா பார். பார்த்தேன். பிறகு, இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். நாலு மணிக்குப் பதினொரு நிமிடம் இருந்தது. என்ன அனுப்பினாய் என்று அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார்.

“உங்கட மகள் கம்பஸுக்குப் போகுது, ஐயா.”

அந்தப் படிப்பை முடித்து இப்போது நானும் கணினியோடுதான் வேலை செய்கிறேன். மின்னஞ்சலின் மீட்பு எண்ணாக மாஸ்டரின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். இலக்கத்தைப் போனில் சொல்லமாட்டார். வெள்ளவத்தைக்கு நேரில் போய் முகத்தைக் காட்டவேண்டும். எனக்கு ஞாபகசக்தி நல்லது என்று அலுவலகத்தில் பெயர். பாஸ்வேர்ட் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறந்துபோகிறது.