வெயிட்டிங் லிஸ்டில் முதல் பேர்

"சயின்ஸ் மூணும் சேர்த்து நாப்பத்திமூணு பர்சென்ட். இந்த லட்சணத்துல துரைக்கு நர்சிங் வேணுமாம்!"

உத்தமன் மார்க் ஷீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எத்தனை தடவை பிரித்தாலும் கெமிஸ்ட்ரியில் முப்பத்தெட்டுதான் இருந்தது.

மகன் அஷ்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அலைந்து திரிந்து மல்லேஸ்வரத்தில் அவனுக்கு பி.காம் சீட் வாங்கிக் கொடுத்து முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை. ஸ்ரீராம்புரத்து வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பஸ் பாஸ்கூட வேண்டாம்.

"ஏன்டா, போன வாரம் வரைக்கும் பேங்க்ல உக்காரணும்னியே?"

"சேவை செய்யணும்னு தோணுதுப்பா."

"யாருக்கு?"

"பொதுவா."

"உனக்கு ஒரு ஊசி போடணும்னா நாலு பேர் புடிச்சுக்கணும். நீ ஊருக்கே ஊசி போடப் போறியா?"

"குத்துறது வேற, குத்து வாங்குறது வேறப்பா."

அடுப்படியிலிருந்து வேதநாயகி குரல் கொடுத்தாள். "புள்ள நல்லதுதானேங்க கேக்குறான். வெளிநாட்டுக்கெல்லாம் கூப்புடுறாங்களாம்."

"சரி, எந்தக் காலேஜ்?"

"அத்திபெலேல ஒண்ணு இருக்குப்பா."

"பெங்களூருல தெருவுக்கு ஒரு நர்சிங் காலேஜ் இருக்கு. நீ ஊர் எல்லைக்கு ஏன்டா போற?"

"அங்க காத்து நல்லா இருக்கும்."

உத்தமன் பத்தொன்பது வருஷமாக பொம்மசந்திராவில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். ஓசூர் ரோட்டில் வீசுவது காற்றா, லாரிப் புகையா என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் அஷ்வின் அதற்குள் அடுத்த நிபந்தனைக்குப் போய்விட்டான்.

"இன்னொண்ணுப்பா. சீட் கெடைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நானும் சொல்லப் போறதில்ல."

"கண்ணு பட்டுடும்னு பயப்படுறான்," என்றாள் வேதநாயகி, பெருமையாக.

அந்தக் காலேஜில் நர்சிங் டிகிரிக்கு சயின்ஸில் நாற்பத்தைந்து கேட்டார்கள். இரண்டு பர்சென்ட் இடித்தது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரான கிருஷ்ணப்பாதான் வழி சொன்னார்.

"ரீவேல்யுவேஷன் போடு குரு. நம்ம அக்கா மகளுக்குப் பதினோரு மார்க் ஏறிச்சு."

போட்டார். இருபது நாள் சாமிக்கு விளக்கேற்றினாள் வேதநாயகி. ரிசல்ட் வந்தது. பிசிக்ஸில் ஒரு மார்க் ஏறியிருந்தது. கெமிஸ்ட்ரியில் ரெண்டு இறங்கியிருந்தது.

"எறங்குமா?" என்றார் உத்தமன்.

"அபூர்வமா எறங்கும்," என்றார் கிருஷ்ணப்பா. "உன் பையன் அதிர்ஷ்டக்காரன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உத்தமன் அரை நாள் லீவு போட்டார். மகனை இழுத்துக்கொண்டு அத்திபெலேக்கே நேரில் போனார். அட்மிஷன் கவுண்டரில் ஷில்பா என்ற பெண் இருந்தாள். மார்க் ஷீட்டை அரை நொடிதான் பார்த்தாள்.

"டிகிரிக்கு வராது சார். நர்சிங் டிப்ளமோ மூணு வருஷம் இருக்கு. அதுக்கு சயின்ஸ் மார்க்கே பாக்க மாட்டோம். மொத்த மார்க்ல நாப்பது, இங்கிலீஷும் நாப்பது இருந்தா போதும். இவருக்கு இருக்கு."

"சயின்ஸே வேண்டாமா? இத்தனை நாள் அதுக்காகத்தானேம்மா நாயா அலைஞ்சேன்! மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க இப்பதானே சார் வர்றீங்க?"

"டிப்ளமோதான்ப்பா! எனக்கு அதேதான் வேணும்!" என்று குதித்தான் அஷ்வின். டிகிரியைவிட டிப்ளமோவுக்குச் சந்தோஷப்படுகிற ஒரே பையனை நாம்தான் பெற்றிருக்கிறோம் என்று உத்தமன் நினைத்துக்கொண்டார்.

"சீட் ஃபுல் சார்," என்றாள் ஷில்பா. "வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரா போடுறேன். ஆனா ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் குடுத்தாதான் போட முடியும். அப்புறம் மெடிக்கல் ஃபிட்னஸ்."

ஒரிஜினல் எல்லாம் மல்லேஸ்வரத்தில் பி.காம் காலேஜ் பீரோவில் இருந்தன. புதன்கிழமை அப்பாவும் மகனும் அங்கே போய் நின்றார்கள். ஆபீஸ் கிளார்க் மஞ்சுநாத் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சர்டிஃபிகேட் வாங்கினா சீட் கேன்சல். திரும்பி வந்தா கெடைக்காது. எழுதிக் குடுங்க."

உத்தமன் பேனாவைத் திறந்துவிட்டு மகனைப் பார்த்தார். "டேய், கடைசியா கேக்குறேன்..."

"சேவைப்பா," என்றான் அஷ்வின்.

எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கே ஃபிட்னஸுக்காக லேபுக்குப் போனார்கள். ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டியதும் அஷ்வின் நாற்காலியோடு சாய்ந்து, மேஜை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டான். மூன்று தையல். தையல் போட்ட டாக்டரே, போனால் போகிறதென்று, 'நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளார்' என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் சாயங்காலம் ஷில்பாவிடம் ஒப்படைத்தபோது, "சரி சார், யாராவது விலகினா கூப்பிடுறேன். சனிக்கிழமை அட்மிஷன் க்ளோஸ்," என்றாள்.

"யாரும் விலகலேன்னா?"

"அடுத்த வருஷம் வாங்க."

 அன்று ராத்திரி சாப்பாடு போடும்போதே வேதநாயகி அழுதாள். "கையில இருந்ததையும் விட்டாச்சு. வருஷம் போச்சுன்னா புள்ள என்ன பண்ணுவான்? போய் அந்த மஞ்சுநாத் கால்லயாவது விழுங்க."

வியாழக்கிழமை உத்தமன் மல்லேஸ்வரத்துக்கு ஓடினார். விழ வாய்ப்பே தரவில்லை மஞ்சுநாத். "அந்த சீட் காலையிலயே போச்சு சார். உங்களுக்குன்னு பூட்டி வெச்சிருப்பாங்களா?"

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "சேவை செய்யணும்னான். இப்ப எனக்குத்தான் யாராவது சேவை செய்யணும்." அஷ்வின் நெற்றிப் பிளாஸ்திரியோடு மூலையில் சுருண்டிருந்தான். திட்டலாமென்று பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. "சாப்புடுடா," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, கம்பெனியில் பம்ப் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், அத்திபெலேல இருந்து ஷில்பா. டிப்ளமோல ஒரு சீட் காலியாச்சு. மூணு மணிக்குள்ள வந்துடுங்க."

உத்தமன் யூனிஃபார்மோடு ஓடினார். அஷ்வின் ஸ்ரீராம்புரத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தான். ஃபீஸ் கட்டினார்கள். ஷில்பா ஃபைலில் டம்மென்று சீல் குத்தி, சர்டிஃபிகேட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"ஆச்சு சார். வெயிட்டிங் லிஸ்ட்ல வந்த சீட்டுக்கு விலகல் கெடையாது, இனிமே மூணு வருஷம் முடிச்சாத்தான் இது வெளிய வரும்."

அஷ்வின் முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை. கடைசி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனை வெளியே எடுத்தான். "இப்ப சொல்லலாம்ப்பா, எல்லாருக்கும் சொல்லலாம்!"

ஒரு மாதத்தில் முதல் தடவையாக உத்தமன் சிரித்தார். "எந்தப் புண்ணியவான்மா விட்டுக் குடுத்தது? அவன் பேருல ஒரு அர்ச்சனை பண்ணணும்."

"புண்ணியவதி சார். மமதான்னு ஒரு பொண்ணு."

அஷ்வினின் பேனா நின்றது.

"பாவம், வீட்டுல ஏதாவது கஷ்டமாம்மா?"

"கஷ்டமா?" ஷில்பா தலையில் அடித்துக்கொண்டாள். "பி.யூ.சி.ல கூடப் படிச்ச பையன் மல்லேஸ்வரத்துல பி.காம் சேர்ந்திருக்கானாம் சார், அவனுக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு இவ அங்க போய் சீட் கேட்டிருக்கா. அவ நேரத்தைப் பாருங்க, ஃபுல்லா இருந்த காலேஜ்ல புதன்கிழமைதான் எவனோ ஒரு லூசு சர்டிஃபிகேட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போனானாம்!"