கப்பலில் வந்த கார்

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது அவ்கா ஊருக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

"ஹீட்டரைப் போடு," என்றார் சித்தப்பா ஒக்வுதிலி.

"இந்த வெயில்லயா?"

"இன்ஜின் சூட்டை நாம வாங்கிக்கணும்டா. வேற வழியில்ல."

சொமதினா ஹீட்டரைப் போட்டான். பிறகு கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினான். கண்ணாடி அசையவில்லை. சித்தப்பாவின் சிவப்புத் தொப்பியிலிருந்து வியர்வை வழிந்து மடியிலிருந்த கள்ளுக் குடத்தில் சொட்டியது.

"நல்லா வெச்சிருந்தானுங்கடா காரை, பெல்ஜியத்துக்காரனுங்க," என்றார்.

சொமதினா மறுபடி பொத்தானை அழுத்திப் பார்த்தான். நெவி ஊரில் கார் தொழிற்சாலையில் பிரேக் பொருத்துகிறவன் அவன். அங்கே செய்த கார் ஒன்று அவனிடம் இருந்தது; இதுவரை வழியில் நின்றதில்லை. அதை வீட்டில் விட்டுவிட்டு, பெல்ஜியத்தில் ஓடித் தேய்ந்து, கொட்டோனூ துறைமுகம் வழியாகக் கப்பலில் வந்து சேர்ந்த இந்தப் பழைய காரைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்தான். எல்லாம் ஊர்ப் பெரியவர் சீஃப் அன்யாதிகேவுக்காக, அவன் பெண் கேட்கப் போகும் நுவாமகாவின் அப்பாவுக்காக. உள்ளூர்க் காரில் பெண் கேட்டு வந்த ஒருவனை, விருந்தாளியை வரவேற்கும் கோலாக்கொட்டைகூட உடைக்காமல் வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். "நம்ம ஊர்க்காரன் செஞ்ச வண்டி நடுரோட்டுல நிக்கும். கூடவே என் மகளும் நிக்கணுமா?"

இன்று அவருடைய உறவுக்காரர்கள் பந்தலில் கூடியிருந்தார்கள். "அவங்க எழுந்து போயிட்டா அப்பா மறுபடி கதவைத் திறக்க மாட்டார்," என்று காலையில்தான் நுவாமகா சொல்லியிருந்தாள்.

கார் புகைந்து, விம்மி, நடுரோட்டில் நின்றது.

சொமதினா இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தான். ரேடியேட்டரில் பொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் மரவள்ளிக் காடு. சொமதினாவின் பார்வை கள்ளுக் குடங்களின் மேல் போனது.

"தொட்டே, கையை உடைப்பேன். பெண் கேட்கப் போற கள்ளுடா இது!"

"ரெண்டு குடம் இருக்கே சித்தப்பா. நாம போய்ச் சேர்ந்தாத்தானே கள்ளுக்கு வேலை?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு குடத்தை நீட்டினார். சொமதினா கள்ளை ஊற்றியதும் காரின் வாயிலிருந்து நுரை பொங்கியது. மறுபடி முடுக்கியபோது அது இரண்டு முறை விக்கியது. அப்புறம் மூச்சே இல்லை.

"போதை ஏறிடுச்சு," என்றார் சித்தப்பா. "இனி பாடும். ஓடாது."

கடந்து போன பஸ்ஸிலிருந்து யாரோ கையசைத்தார்கள்.

கடைசியில் சொமதினா நண்பன் கனாயோவைக் கூப்பிட்டான். அவன் சொமதினாவின் சொந்தக் காரையே எடுத்துக்கொண்டு கயிறோடு வந்தான்.

"உள்ளூர்க் கார் வெளிநாட்டுக் காரை இழுத்துட்டுப் போறதை சீஃப் பார்க்கணும்டா!"

"பார்த்தா என் கல்யாணம் போச்சு. பேசாம ஓட்டு."

சீஃப் வீட்டுக்கு முந்தைய வளைவில் கயிற்றை அறுத்துவிட்டு கனாயோவைத் திருப்பி அனுப்பினான். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பூவேலைச் சட்டையோடு சொமதினா பின்னாலிருந்து தள்ளினான். பந்தலின் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ "நேரமாச்சு, கிளம்பலாம்" என்றார்கள். கார் நகர மறுத்தது.

நிமிர்ந்தபோது எதிரே சீஃபின் காவல்காரர் நின்றிருந்தார். விருந்தாளிகளை எதிர்கொள்ள வந்தவர். நுரை காய்ந்த மூடியைப் பார்த்தார், அறுந்து தொங்கிய கயிற்றுத் துண்டைப் பார்த்தார், புழுதி படிந்த சட்டையைப் பார்த்தார்.

"அண்ணே," என்றான் சொமதினா. "உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். ஐயாகிட்ட சொல்லிடாதீங்க."

சித்தப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

காவல்காரர் செருப்பை ஓரமாகக் கழற்றினார். கைலியை மடித்துக் கட்டினார். காரின் முதுகில் தோளைக் கொடுத்தார்.

"ஹாரன் அடிக்குதுல்ல? விடாம அடிக்கச் சொல்லுங்க, இன்ஜின் ஓடலைன்னு யாருக்கும் தெரியாது," என்றார். "வளைவு தாண்டுனா இறக்கம், தானா உருண்டு ஜம்முனு பந்தல் முன்னால போய் நிக்கும். ஐயாவோட ஜெர்மன் காரை ரெண்டு வருஷமா இப்படித்தானே வீட்டுக்குக் கொண்டு வர்றோம்!"